சரிவில் இறங்கிய ஹெலிகாப்டரும் என் மேல் வந்த சாமியும்

ஈப்போ நகரத்துப் புந்தோங் கடைத்தெருவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. நின்றுகொண்டிருக்கும் லோரியின் பின்பக்கமாக நான் நடக்கவே மாட்டேன். முன்னால் போய், ஓட்டுநரின் கண்ணைப் பார்த்து, அவர் தலையாட்டிய பிறகுதான் கடப்பேன். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணிக்கும் சேர்த்து நானே கிளிப் மாட்டிவிடுவேன். "ரிட்டயர் ஆனதுலேருந்து எஸ்தர் அக்காவுக்கு ஒரு நட்டு கழண்டுருச்சு லா" என்று மீன்கடை ஆறுமுகம் சொல்வதாகக் கேள்வி. இருக்கலாம். நட்டு கழன்றிருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலையில் ஒரு பகுதிதான்.

ஈப்போவில் ஒரு சின்ன ஹெலிகாப்டர் கம்பெனியில் தரைப்பணியாளராகச் சேர்ந்து, அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளராகி ஓய்வு பெற்றவள் நான். போன மாதம் அங்கே கூப்பிட்டிருந்தார்கள். புதுத் தலைக்கவசங்கள் வந்திருக்கின்றன. அவற்றுக்குள்ளேயே வயர்லெஸ் இருக்கிறது. தரையில் நிற்பவரும் விமானியும் காதோடு காதாகப் பேசிக்கொள்ளலாம். கையை ஆட்டிச் சைகை காட்டும் வேலை இனி பாதியாகிவிடும். பயிற்சிக்கு வந்திருந்தவர்களில் ஒரு பெண் கேட்டாள்.

"ஆன்டி, அப்பல்லாம் சைகை காட்டியும் ஆளுங்களுக்குப் புரியலன்னா என்ன செய்வீங்க?"

"படுத்துக்குவேன்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் நடந்ததைத்தான் சொன்னேன். சிரித்து முடித்தபோது தேநீர் வந்துவிட்டதால் மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என்னை வேலைக்கு எடுத்ததற்குக் காரணம் என் படிப்பு இல்லை, என் எடை. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து, கமுந்திங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஹெலிகாப்டர் கம்பெனிக்கு ஆள் தேவை என்று மாதா கோயிலில் யாரோ சொன்னார்கள். நேர்காணலுக்குப் போனால், கொட்டகையின் நடுவே ஒரு தராசு நின்றது. தலைமை விமானி கேப்டன் ரசாலி என்னை அதில் ஏறி நிற்கச் சொன்னார். முள்ளைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு மகிழ்ச்சி.

"நல்லது. உங்களை ஏத்திக்கிட்டுப் போனா எண்ணெய் கொஞ்சம் கூடவே ஊத்திக்கலாம்" என்றார். கேப்டன் பேசுவதெல்லாம் மலாயில்; நான் தமிழில் எழுதுகிறேன்.

வீட்டில் வந்து சொன்னேன். "பொண்ணு பாக்க வந்தவன் ஒல்லியா இருக்குன்னு எந்திரிச்சுப் போனான். இவரு ஒல்லியா இருக்குன்னு வேலை குடுத்துட்டாரா?" என்றார் அம்மா. சம்பளம் எவ்வளவு என்று கேட்க மறந்துவிட்டதும் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

பயிற்சி என்று ஒன்று நடந்தது. பெரும்பாலும் வெயிலில் நின்றேன். கையை எப்போது விரிப்பது, எப்போது குறுக்கே வைப்பது, எப்போது ஓடக்கூடாது என்று கற்றேன். 'எப்போதுமே ஓடக்கூடாது' என்பதுதான் அதற்கு விடை.

கேப்டன் ரசாலி உயரமானவர், மெதுவாகப் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அவர் குரல் காதில் விழாத நாள்தான் எங்களுக்குப் பயமான நாள். கிளம்புவதற்கு முன் "ரெடியா?" என்று அவர் யாரையும் கேட்டதில்லை. "ரெடியான்னு கேட்டா மனுஷன் ஆமான்னுதான் சொல்வான். கல்யாண மேடையில கேட்டாக்கூட அப்படித்தான்" என்பார். அதற்குப் பதிலாக அவர் கேட்பது, "அபா லாகி பெலும்?" இன்னும் என்ன முடியவில்லை என்று பொருள். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் சொல்ல முடியாது. மூளை ஒருமுறை எல்லாவற்றையும் சுற்றி வந்தாக வேண்டும். எண்ணெய் மூடி, கதவுத் தாழ், கட்டிய கயிறு, யாருடைய தொப்பி எங்கே? சுற்றி வந்து "ஒண்ணும் இல்ல கேப்டன்" என்றால், அவர் இன்னும் கொஞ்ச நேரம் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வையில் ஏதாவது ஒன்று நிச்சயம் நினைவுக்கு வரும்.

தினமும் காலையில் முதல் வேலை, எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் எண்ணெயைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பது. ஈப்போவில் இரவெல்லாம் ஈரம். தொட்டிக்குள் தண்ணீர் சேர்ந்திருந்தால் குடுவையின் அடியில் முத்து மாதிரி தனியே நிற்கும். ஆகாயத்தில் அந்த முத்து எஞ்சினுக்குள் போனால் எஞ்சின் நின்றுவிடும். பிறகு இறங்குதளத்தைச் சுற்றி நடந்து குப்பை பொறுக்க வேண்டும். தகரத்துண்டு, பிளாஸ்டிக் பை, நாசி லெமாக் சோறு மடித்த தாள் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். மேல்விசிறி கிளப்பும் காற்றில் ஒரு பிளாஸ்டிக் பை எழுந்து அதே விசிறிக்குள் போக வல்லது. 'படித்து முடித்துக் குப்பை பொறுக்குகிறாள்' என்று என் மாமா ஒருவர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். பொய் என்று சொல்ல முடியவில்லை.

ஹெலிகாப்டரை நெருங்குவதற்கு முறை உண்டு. முன்பக்கமாக, விமானி பார்க்கும்படி வர வேண்டும். அவர் கண் நம் கண்ணைச் சந்தித்துத் தலையசைத்த பிறகு, குனிந்து வர வேண்டும். கையில் இருப்பது எதுவாக இருந்தாலும் தோளுக்கு மேலே போகக்கூடாது. பின்பக்கம் போகவே கூடாது. அங்கே வால்விசிறி இருக்கிறது. சின்னதுதான், ஆனால் சுற்றும்போது கண்ணுக்கே தெரியாது. இன்னொன்றையும் புதியவர்கள் நம்ப மாட்டார்கள். மேல்விசிறி வேகமாகச் சுற்றும்போதைவிட, எஞ்சினை நிறுத்தி அது மெதுவாகச் சுற்றி ஓயும்போதுதான் மோசம். வேகம் குறைந்ததும் அதன் நீண்ட இறக்கைகள் தொங்க ஆரம்பிக்கும்; ஒரு காற்று வந்தால் தலை உயரத்துக்கு இறங்கும். 'அதான் நின்னுருச்சே' என்று நம்பி வருகிறவரைத்தான் நான் அதிகம் தடுத்திருக்கிறேன்.

ஒருமுறை பெரிய மனிதர் ஒருவரை ஏற்றிக்கொண்டு போனோம். அணைக்கட்டைப் பார்வையிட வந்தவர். தலையில் புத்தம் புதிய தொப்பி. கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். புகைப்படக்காரர் வந்திருந்ததால் அவர் கழற்றவில்லை. இறங்கி நான்கு எட்டு வைப்பதற்குள் தொப்பி பறந்தது. பறந்த தொப்பி எங்கே போகும்? நேரே வால் பக்கம்தான். அவரும் அதன் பின்னாலேயே கிளம்பிவிட்டார். நான் அவருடைய இடுப்புப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் சாய்ந்தேன். அவர் முன்னால் போகப் பார்க்கிறார், நான் பின்னால் இழுக்கிறேன், நடுவில் அவருடைய கால்சட்டை என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கிறது. புகைப்படக்காரர் மட்டும் தன் கடமையை விடாமல் செய்துகொண்டிருந்தார்.

மறுநாள் கம்பெனிக்கு ஒரு புகார் வந்தது. கேப்டன் என்னைக் கூப்பிட்டு, காதில் விழாத குரலில் கேட்டார்: "பட்டையத்தான் பிடிச்சீங்களா?"

"ஆமா கேப்டன்."

"சட்டையைப் பிடிக்கக்கூடாது, கிழிஞ்சுரும். பட்டைதான் சரி" என்றார். புகாருக்கு அவர் என்ன பதில் எழுதினார் என்று எனக்குத் தெரியாது.

விமானிப் பயிற்சிக்கு வரும் பையன்களை வேடிக்கை பார்ப்பது எங்கள் பொழுதுபோக்கு. ஹெலிகாப்டரை ஓட்டுவதைவிட ஆகாயத்தில் ஓரிடத்தில் நிறுத்துவதுதான் கஷ்டம். இடது கையில் ஒரு பிடி. அதைத் தூக்கினால் ஏறும், இறக்கினால் இறங்கும். வலது கையில் ஒரு கோல். எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் போகும். காலில் இரண்டு மிதிகள். மூக்கு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது அவற்றின் வேலை. சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் கோபித்துக்கொள்ளும். பிடியைத் தூக்கினால் மூக்கு திரும்பும். மூக்கை மிதித்து நிறுத்தினால் பக்கவாட்டில் நகரும். அதைக் கோலால் சரி செய்தால் உயரம் குறையும்.

சுரேன் என்று ஒரு மாணவர். வீடியோ விளையாட்டில் பெரிய ஆளாம். முதல் நாளே மூன்றையும் தன்னிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டார். மிதிகளை மட்டும் ஒரு நாள், பிடியை மட்டும் ஒரு நாள் என்று பிரித்துக் கொடுப்பதுதான் கேப்டனின் பழக்கம். அன்று என்ன நினைத்தாரோ, "சரி, எடுத்துக்குங்க" என்று மூன்றையும் கொடுத்துவிட்டார். அந்த ஹெலிகாப்டர் கயிறு அறுத்த கன்றுக்குட்டி மாதிரி திடல் முழுக்கத் துள்ளியதை நாங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். இறங்கி வந்த சுரேனின் சட்டை மழையில் நனைந்ததுபோல் இருந்தது.

"எப்படி தம்பி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"அக்கா, நான் ஒண்ணுமே செய்யல கா. அதுதான் என்னைய ஓட்டுச்சு."

கேப்டன் அவருக்குச் சொன்னது ஒன்றுதான். "கோலை இறுக்கிப் பிடிக்காதீங்க. கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க." சுரேன் அன்று மாலை தன் அத்தை வீட்டுக்குப் போய் உண்மையாகவே ஒரு கோழிக்குஞ்சைப் பிடித்துப் பார்த்தாராம். அடுத்த வாரத்தில் ஹெலிகாப்டர் ஓரளவு நின்றது. குஞ்சு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

இனி அந்தச் சரிவுக்கு வருகிறேன்.

சுரேன் வந்த அந்த ஆண்டு கடைசியில் பெய்த மழையில் சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே ஒரு தோட்டத்துப் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ரப்பர் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட தோட்டம். பெரும்பாலான குடும்பங்கள் டவுனுக்குப் போய்விட, சில குடும்பங்கள் மட்டும் பழைய லயத்து வரிசை வீடுகளிலேயே இருந்தன. அங்கே தனலெட்சுமி என்ற நிறைமாதக் கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு ஆரம்பித்துவிட்டது. பாலம் போவதற்கு முன்பே வந்து மாட்டிக்கொண்ட ஒரு மிஸ்ஸிதான், அதாவது நர்ஸ்தான், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். இனி ஆஸ்பத்திரியில்தான் காப்பாற்ற முடியும் என்று தோட்ட ஆபீஸ் தொலைபேசியில் அவர் சொன்னதும் எங்களுக்குத் தகவல் வந்தது. நாங்கள் கிளம்புவதற்குள் அந்தத் தொலைபேசியும் செத்துவிட்டது.

கேப்டனும் நானும் மட்டும் போனோம். படுக்கை போடுவதற்காகப் பக்கத்து இருக்கையைக் கழற்றிவிட்டு, ஸ்ட்ரெச்சரை மடித்து வைத்துக்கொண்டோம். மழை விட்டு வெயில் அடித்த மதியம். காற்றே இல்லை. சூடான, அசையாத காற்று ஹெலிகாப்டருக்குப் பிடிக்காது. அதில் கெட்டி குறைவு, விசிறிக்குப் பிடிமானம் கிடைக்காது.

தோட்டத்துக்கு மேலே கேப்டன் உயரத்தில் ஒரு சுற்று, தாழ்வாக ஒரு சுற்று வந்தார். வாய்விட்டுப் பேசிக்கொண்டே வந்தார். "கம்பி எங்கே? காத்து எங்கே? மரம் எங்கே? திரும்பிப் போற வழி எங்கே?" பந்து விளையாடும் திடல் தண்ணீருக்குள் இருந்தது. மிச்சம் இருந்தது முனியாண்டி கோயிலுக்குக் கீழே புல் முளைத்த ஒரு சரிவு மட்டும்தான். மேலே கோயிலும் லயமும் ஜனங்களும். கீழே வெள்ளம்.

சக்கரத்துக்குப் பதிலாக எங்கள் ஹெலிகாப்டருக்கு அடியில் இரண்டு நீளக் குழாய்கள் இருக்கும்; சறுக்குக்கால் என்போம். சரிவில் இறங்குவது இப்படி. மேட்டுப் பக்கத்துச் சறுக்குக்கால் முதலில் தரையைத் தொட வேண்டும். அதை ஊன்றிக்கொண்டு, கோலை மேட்டுப் பக்கம் சாய்த்துப் பிடித்தபடி, பள்ளத்துப் பக்கத்துக் காலை மெல்ல மெல்ல இறக்க வேண்டும். அவசரப்பட்டால் கவிழ்ந்துவிடும். கேப்டன் இறக்கினார். ஆனால் மண் சேறாக இருந்தது. முழு எடையையும் வைத்தால் புதையும் என்று, பாதி எடையை விசிறியிலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் இரண்டு காலும் வேலையாக இருந்தன.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. சரிவில் நிலம் சாய்ந்திருக்கும், மேலே சுற்றும் விசிறி சாயாது. ஆகவே பள்ளத்துப் பக்கம் விசிறிக்கும் தரைக்கும் நடுவே நிறைய இடம் இருக்கும். மேட்டுப் பக்கம் விசிறி ஒரு ஆளின் கழுத்து உயரத்தில் சுற்றும். ஜனங்கள் அத்தனை பேரும் நின்றது மேட்டில்.

நான் பள்ளத்துப் பக்கமாக இறங்கிக் குனிந்து, மூக்கைச் சுற்றி முன்னால் வந்து நிமிர்ந்தேன். அதற்குள் நான்கு ஆண்கள் ஒரு கதவைக் கழற்றி அதில் தனலெட்சுமியைப் படுக்கவைத்து, தோளில் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்து நேராக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவர் அவளுடைய கணவர் கணேசன், லோரி ஓட்டுபவர், நல்ல ஆகிருதி. பக்கத்தில் மிஸ்ஸி குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காக வைத்தேன். நில் என்று அதற்குப் பொருள். உலகம் பூராவும் அதே பொருள்தான். கணேசன் அதைப் பார்த்துவிட்டுத் தன் கையை உயர்த்தி எனக்கு வணக்கம் வைத்தார். வேகத்தைக் கூட்டினார்.

கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னும் சில எட்டுகளில் அவர்கள் விசிறி வட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். ஓடிப்போய்த் தள்ளினால் கதவு சாய்ந்து அந்தப் பெண் விழுந்துவிடுவாள். வட்டத்தின் ஓரமாகவே மேட்டில் ஏறி, அவர்கள் காலுக்கு முன்னால், சேற்றில், கையைக் குறுக்காக வைத்தபடியே மல்லாந்து படுத்துவிட்டேன். குறுக்கே கிடக்கிற மனுஷியை யாரும் மிதித்துக்கொண்டு போக மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான்.

நின்றார்கள். நான்கு பேரும் அப்படியே நின்றார்கள். அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை.

கோயில் பூசாரி விபூதித் தட்டோடு ஓடி வந்தார். முனியாண்டி வாசலில் ஒரு பெண் திடீரென்று விழுந்து, கையைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு கண்ணை உருட்டினால் அவர் வேறு என்ன நினைப்பார்? என் நெற்றியில் ஒரு பிடி விபூதியை அப்பிவிட்டு, காதருகே வாயை வைத்துக் கத்தினார்.

"யாரு வந்திருக்கிறது? சொல்லு சாமி! என்ன வேணும் சாமி?"

ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள் நான். விளக்கம் சொல்ல அது நேரமில்லை.

"கீழ சுத்தி வரச் சொல்லு!" என்று கத்தினேன்.

"கீழயா சாமி?"

"கீழதான்! குனிஞ்சு வரணும்! இந்தப் பக்கம் ஒருத்தரும் வரப்படாது! குடைய மடக்கு!"

பூசாரி எழுந்து கையைக் காட்டி உத்தரவு போட்டார். அந்த மாதிரி கீழ்ப்படிதலை என் வேலை வாழ்க்கையில் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நான்கு பேரும் கதவைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கி, விசிறி வட்டத்தை விட்டு வெகுதூரம் விலகி, முழங்கால் சேற்றில் பள்ளத்துப் பக்கமாகச் சுற்றி வந்தார்கள். மேலே கோயில் வாசலில் நின்ற பெண்கள், குனிய வேண்டிய அவசியமே இல்லாதவர்கள், அவர்களும் குனிந்து நின்றார்கள்.

தனலெட்சுமியை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றி ஏற்றினோம். முகம் வெளுத்து, உதடு காய்ந்து கிடந்தாள். மிஸ்ஸி ஏறினார். கணேசனும் ஏறிவிட்டார். கேப்டன் என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். "அபா லாகி பெலும்?" போர்வை நுனி கதவுக்கு வெளியே தொங்கியது, உள்ளே செருகினேன். மிஸ்ஸியின் குடையை வாங்கி என் காலடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு உள்ளே இடமில்லை; வெளியே நின்றபடியே கட்டை விரலை உயர்த்தினேன்.

ஹெலிகாப்டர் ஒரு சாண் உயர்ந்தது. நடுங்கியது. அதற்கு மேல் போகவில்லை. கேப்டன் மெதுவாக மறுபடியும் அதே இடத்தில் இறக்கினார். கணேசன் பக்கம் திரும்பினார். என்ன சொன்னார் என்று பிறகு கணேசனே என்னிடம் சொன்னார். காதருகே சாய்ந்து, குரலை உயர்த்தாமல், 'அபாங்', அதாவது அண்ணே என்றுதான் கூப்பிட்டாராம்.

"அபாங், உங்க மனைவிய நான் கொண்டு போயிருவேன். இல்ல, எல்லாரையும் கொண்டு போறேன். ஆனா அந்தா தெரியுதே, அந்த மரம் வரைக்கும்தான்."

கணேசன் இறங்கினார். தனலெட்சுமி அவர் சட்டையைப் பிடித்திருந்தாள். மிஸ்ஸிதான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். ஹெலிகாப்டர் மேலே ஏறவில்லை; சரிவோடு முன்னால் நழுவி, வெள்ளத்தின் மேல் தாழ்வாக ஓடி, வேகம் பிடித்த பிறகு மெல்ல எழுந்தது. முன்னோக்கி ஓடும்போது விசிறிக்குப் புதுக் காற்று கிடைக்கும், சுமை லேசாகும். எனக்குத் தெரியும். கணேசனுக்குத் தெரியாது. அது தண்ணீருக்குள் போகிறதென்றே நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு காத்திருந்தோம். தொலைபேசி இல்லை, பாலம் இல்லை. பெண்கள் என்னைத் தரையில் உட்கார விடவில்லை. ஒரே ஒரு நாற்காலி இருந்தது, அதில் உட்காரவைத்து மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். பூசாரி பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "சாமி போறதுக்குள்ள லாட்டரிக்கு ஒரு நாலு நம்பர் சொல்லிட்டுப் போச்சுன்னா..." என்றார். எனக்குத் தெரிந்த ஒரே நான்கு எண் எங்கள் வீட்டுத் தொலைபேசியின் கடைசி எண்கள்தான். நல்லவேளையாகச் சொல்லவில்லை.

கணேசன் எல்லோரும் விலகும்வரை பொறுத்திருந்து கேட்டார்.

"அக்கா, உண்மையாவே ஒங்களுக்குச் சாமி வந்துச்சா?"

"இல்ல தம்பி. அந்த விசிறி ஒங்க கழுத்து உயரத்துல சுத்திக்கிட்டு இருந்துச்சு."

அவர் எழுந்துபோய்ச் சறுக்குக்கால் பதிந்த இடத்துக்கு மேலே மேட்டில் நின்று, விசிறி எங்கே சுற்றியிருக்கும் என்று கையை நீட்டிப் பார்த்தார். அந்தக் கை தன் கழுத்துக்கு வந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"நான் எறங்குனது சரிதானே கா? அவ பிடிச்ச சட்டைய விடவே இல்ல."

"நீங்க எறங்கலன்னா அது கிளம்பியிருக்காது தம்பி." அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லவும் இல்லை.

வானம் மறுபடியும் கருக்கத் தொடங்கிய வேளையில் சத்தம் கேட்டது. கேப்டன் அதே சரிவில், அதே தடத்தில் இறக்கினார்; எண்ணெய் குறைந்து லேசாகியிருந்ததால் இந்த முறை முழு எடையையும் தரையில் வைத்துவிட்டார். கணேசன் முதலில் ஓடினார். பாதியில் நின்றார். திரும்பி, பள்ளத்துப் பக்கமாகச் சுற்றிப் போய், சேற்றில் குந்தி உட்கார்ந்து, கேப்டனின் கண்ணைப் பார்த்தார். என்னிடம் பயிற்சி பெற்றவர்களில் இவ்வளவு ஒழுங்காகச் செய்தவர்கள் குறைவு.

கேப்டன் இடது கையை மட்டும் பிடியிலிருந்து எடுத்தார். அதை மடக்கி மார்போடு அணைத்து, மெல்ல ஆட்டினார். எந்தக் கையேட்டிலும் அப்படியொரு சைகை இல்லை. குழந்தை!

கணேசன் முகத்தில் அப்போதும் கேள்வி இருந்தது. இரண்டு கையையும் தன் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய், தாலி முடிவதுபோல் காட்டினார். என் மனைவி? மலாய்க்காரரான கேப்டனுக்கு அது எப்படிப் புரிந்ததோ! பலமாகத் தலையை ஆட்டிக் கட்டை விரலை உயர்த்தினார். கணேசன் சேற்றிலிருந்து எழுந்திருக்க முடியாமல் அப்படியே அழுதுகொண்டிருந்தார். நான் போய், குனிந்தபடியே, அவருடைய இடுப்புப் பட்டையைப் பிடித்து ஏற்றிவிட வேண்டியிருந்தது.

வரும் வழியில்தான் விவரம் தெரிந்தது. இறங்குதளத்திலேயே ஆம்புலன்ஸ் காத்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் உடனே அறுவை செய்தார்கள். ஆண் குழந்தை. தாய்க்கு நிறைய இரத்தம் ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டாள். இனி பிள்ளை வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாகப் பின்னாளில் கணேசன் சொன்னார். அந்த முனியாண்டி கோயில் திருவிழாவுக்கு இன்றைக்கும் எனக்கு அழைப்பு வருகிறது. பாதிரியாருக்குத் தெரியாமல் ஓரிரு முறை போய் அன்னதானம் சாப்பிட்டதுண்டு.

ஈப்போவில் கணேசனை அனுப்பிவிட்டு, கொட்டகையில் நின்று சறுக்குக்கால்களின் சேற்றைக் கழுவினேன். கேப்டன் பக்கத்தில் வந்து நின்றார்.

"எஸ்தர், தரைப்பணியாளர் படுக்கலாம்னு மானுவல்ல எங்கேயும் இல்ல."

"தெரியும் கேப்டன்."

"அந்த ஆள் உங்க முகத்துல போட்டது என்ன? முதலுதவியா?"

"அப்படித்தான் கேப்டன்."

அவர் கையை நீட்டித் தண்ணீர்க் குழாயை மூடினார். பிறகு அவர் குரல் வந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"அவங்க மேட்டுல இறங்கி வந்தப்ப என்னால ஒண்ணும் செய்ய முடியல. தூக்கினா என் காத்துலயே அந்தக் கதவு பறந்திருக்கும். கைய அசைச்சா நான் கவிழ்ந்திருப்பேன். நீங்க படுத்தப்ப கண்ணை மூடிக்கிட்டீங்களா?"

"இல்ல கேப்டன். விசிறியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"ம்" என்றார். "நான் மூடிக்கிட்டேன்."

சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். விசிறி சுற்றும்போது விமானி கண்ணை மூடலாமா என்று அவரிடம் பயிற்சி பெற்ற யாரையாவது கேட்டுப் பாருங்கள், என்ன பதில் வருமென்று. இதை நான் இத்தனை ஆண்டுகளில் ஒருவரிடமும் சொன்னதில்லை. கேப்டன் ரசாலி இப்போது கோலகங்சாரில் டுரியான் தோட்டம் வைத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது; அந்தத் தைரியத்தில்தான் எழுதியிருக்கிறேன். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் நம்ம ஆள் என்று கேள்விப்படுகிறேன். அண்ணே, இதைப் படித்தீர்களானால், தயவுசெய்து உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.